கிணற்று லாக்கில் மாடல் தடுமாறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நிலவியல் படித்தவர்கள் இயந்திரக் கற்றலில் முதன்முதலாகக் கால் நனைக்கும் இடம் பெரும்பாலும் கேன்சஸ்தான். அமெரிக்காவின் நடுவே, கடலை விட்டு வெகுதொலைவில் இருக்கும் அந்த மாநிலத்தின் தென்மேற்கில் ஹியூகோட்டன், பனோமா என்று இரண்டு எரிவாயு வயல்கள் உண்டு. அங்குள்ள பெர்மியன் காலப் பாறைகளில் கடல் ஏறியதும் இறங்கியதும் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன. கிணற்றுக்குள் கருவியை இறக்கி ஆழம் ஆழமாக எடுக்கும் அளவீட்டுப் பதிவுக்கு லாக் என்று பெயர். அந்தக் கிணறுகளின் லாக்குகளை வைத்துப் பாறை வகையைக் கணிக்கும் முறையைப் பற்றி 2016 அக்டோபரில் பிரெண்டன் ஹால் ஒரு பாடம் எழுதினார். அதை ஒட்டி ஒரு திறந்த போட்டியும் நடந்தது. தரவு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இத்துறைக்குப் புதியவர்கள் எல்லாரும் அதில்தான் மோதிப் பழகுகிறார்கள்.

அட்டவணையில் 4149 வரிகள். அரை அடிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து அளவீடுகள்: காமா கதிர், மின்தடை எண்ணின் மடக்கை, நியூட்ரான் நுண்துளை அளவுக்கும் அடர்த்தி நுண்துளை அளவுக்கும் உள்ள வேறுபாடு, அவ்விரண்டின் சராசரி, ஒளிமின் விளைவு. இவற்றோடு நிலவியலாளர் குறித்துக் கொடுத்த இரண்டு தகவல்களும் உண்டு: பாறை கடலில் படிந்ததா நிலத்தில் படிந்ததா என்பது ஒன்று, அடுக்குக்குள் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று. மாடல் கணிக்க வேண்டிய விடையாக ஒன்பது ஃபேசிஸ், அதாவது படிந்த சூழலை வைத்துப் பிரித்த பாறை வகைகள். 1 முதல் 3 வரை நிலத்தில் படிந்த மணற்பாறை, பருமணி வண்டற்பாறை, நுண்மணி வண்டற்பாறை. 4 முதல் 9 வரை கடலில் படிந்தவை: களிப்பாறையோடு கலந்த வண்டற்பாறை, மட்ஸ்டோன், வேக்ஸ்டோன், டோலமைட், பேக்ஸ்டோன், பாசிகள் கட்டிய பேஃபில்ஸ்டோன் (இங்கே 'ஸ்டோன்' என்று முடிபவை எல்லாம் சுண்ணாம்புப் பாறை வகைகள்).

கீழே நான் சொல்வதெல்லாம் இந்தத் தரவை முன்வைத்தே. உங்கள் கையில் வேறு வயலின் தரவு இருக்கலாம். பெயர்கள் மாறும், கோளாறுகள் அநேகமாக இவையாகத்தான் இருக்கும். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் நான்காவதை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

அறிகுறி 1: பழைய நிரல் முதல் சில வரிகளிலேயே நின்றுவிடுகிறது

பயப்பட ஒன்றுமில்லை. ஹாலின் பாடத்துக்காக 2016இல் எழுதப்பட்ட நிரல் அது. சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் குறுக்குச் சரிபார்ப்புக்கென்று இருந்த பழைய தொகுதி 0.20 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. அதன் வேலைகள் 'மாடல் செலக்‌ஷன்' என்ற தொகுதிக்கு மாறிவிட்டன. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் 'ஐஎக்ஸ்' என்று வரிகளைத் தேர்ந்த முறையும் 1.0 பதிப்பில் போய்விட்டது. 'லோக்' அல்லது 'ஐலோக்' என்று மாற்றுங்கள். பழைய பதிப்புகளைத் தேடிப்பிடித்து நிறுவுவதைவிட இந்தச் சில வரிகளைத் திருத்துவது எளிது.

அறிகுறி 2: 'எதிர்பார்த்த வகுப்புகள் 0 முதல் 8 வரை, கிடைத்தவை 1 முதல் 9 வரை' என்று எக்ஸ்ஜிபூஸ்ட் முறைக்கிறது

எக்ஸ்ஜிபூஸ்ட் என்பது முடிவு மரங்களை அடுக்கிக் கணிக்கும் ஒரு நூலகம். அதன் புதிய பதிப்புகள் வகுப்பு எண்களைப் பூஜ்யத்திலிருந்து கேட்கின்றன. நிலவியலாளர்கள் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். பயிற்சிக்கு முன் ஒன்றைக் கழியுங்கள், கணிப்புக்குப் பின் ஒன்றைக் கூட்டுங்கள். கூட்ட மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. டோலமைட் இருக்க வேண்டிய இடமெல்லாம் வேக்ஸ்டோன் என்று படம் வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி 3: 'உள்ளீட்டில் வெற்று மதிப்புகள் உள்ளன' என்று நிரல் மறுக்கிறது, அல்லது மறுக்காமல் அபத்தமாகக் கணிக்கிறது

முதலில் எந்த நெடுவரிசை, எந்தக் கிணறு என்று எண்ணிப் பாருங்கள். கேன்சஸ் தரவில் ஒளிமின் விளைவு மட்டும் 917 வரிகளில் இல்லை. ஏறக்குறைய எல்லாம் அலெக்ஸாண்டர் டி, கிம்சி ஏ என்ற இரண்டு கிணறுகளில். அங்கே அந்தக் கருவி ஓடவே இல்லை. ஆங்காங்கே மதிப்பு விடுபடுவது ஒரு கோளாறு, கிணறு முழுக்க இல்லாமலிருப்பது இன்னொரு கோளாறு. மருந்தும் வேறு வேறு.

வழக்கமான கைவைத்தியம், நெடுவரிசையின் சராசரியைப் போட்டு நிரப்புவது. இங்கே அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். குவார்ட்ஸின் ஒளிமின் மதிப்பு 1.8 அளவில் இருக்கும், டோலமைட்டுக்கு 3.1, சுண்ணாம்புப் பாறைக்கு 5.1. தரவின் சராசரி சுமார் 3.7. ஆக, இரண்டு கிணறுகளை மேலிருந்து கீழ்வரை டோலமைட்டுக்கும் சுண்ணாம்புக்கும் இடைப்பட்ட, உலகில் இல்லாத ஒரே பாறையாக மாற்றிவிட்டீர்கள். அதோடு போகவில்லை. 3.7ஐ ஒட்டி, தசமப் புள்ளி பிசகாமல் திரும்பத் திரும்ப வரும் அந்த எண், கிணற்றின் கழுத்தில் மாட்டிய பெயர்ப்பலகை ஆகிவிடுகிறது. முடிவு மரங்களால் ஆன மர வகை மாடல்கள் அதை உடனே கண்டுகொண்டு, இந்த எண் வந்தால் இன்ன கிணறு என்று மனப்பாடம் செய்யும்.

இருக்கும் வழிகள் மூன்று. விடுபட்ட மதிப்பைத் தானே கையாளும் மாடலைப் பயன்படுத்தலாம். மற்ற லாக்குகளிலிருந்து ஒளிமின் விளைவைக் கணிக்கும் ஒரு சிறு மாடலை முதலில் கட்டி, அதைக்கொண்டு நிரப்பலாம். போட்டியில் பலர் இப்படித்தான் செய்தார்கள். அல்லது ஒளிமின் விளைவையே விட்டுவிட்டு ஓட்டி, எவ்வளவு இழக்கிறீர்கள் என்று பார்க்கலாம். நான் எப்போதும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குவேன். இழப்பு சிறியதென்றால் மற்ற இரண்டின் தலைவலி தேவையில்லை.

லாஸ் கோப்புகளை (லாக்குகளைச் சேமிக்கும் வழக்கமான கோப்பு வடிவம்) நேரடியாகப் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெற்று மதிப்பை −999.25 என்று எழுதுவது அந்த உலகின் பழக்கம். 'லாசியோ' நூலகம் கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, அதைத் தானே வெற்றாக்கிவிடும். தலைப்பில் −999.25 என்றும் உள்ளே −9999 என்றும் எழுதிவைத்த கோப்புகள் இருக்கின்றன. அங்கே அது ஏமாந்துவிடும். காமா கதிரின் மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள். எதிர்மறை எண் வந்தால் அது பாறையின் குணமல்ல.

அறிகுறி 4: பயிற்சியில் பிரமாதம், புதிய கிணற்றில் படுதோல்வி

இதுதான் பெரிய வியாதி. சோதனைப் பகுதியில் எண்பது சதவீதத்தைத் தொடுகிறது. மகிழ்ச்சியோடு புதிய கிணற்றில் ஓட்டினால் நாற்பது. மாடலின் அமைப்பை மாற்றுகிறீர்கள், அடுக்குகளைக் கூட்டுகிறீர்கள், மரங்களை வளர்க்கிறீர்கள். எதற்கும் அசையவில்லை. அசையாது. கோளாறு மாடலில் இல்லை, தரவைப் பிரித்த கத்தியில் இருக்கிறது.

எந்தப் பாடத்தைத் திறந்தாலும், தரவைக் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரிக்கச் சொல்வார்கள். பூக்களின் இதழ் அளவுக்கு அது சரி. லாக் அப்படியல்ல. அரை அடி என்பது 15 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தடிமன் கொண்ட மணற்பாறைப் படுகை ஆறேழு வரிகளாக அட்டவணையில் நிற்கும். காமா கதிர்க் கருவியோ ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. ஓரிரண்டு அடிக்குரிய பாறையைச் சேர்த்தே அளக்கிறது. எனவே அடுத்தடுத்த வரிகள் கிட்டத்தட்ட நகல்கள். குலுக்கினால் ஆறில் ஐந்து பயிற்சிக்குப் போகும், ஒன்று சோதனைக்குப் போகும். வகுப்பில் போட்ட கணக்கையே பரீட்சையிலும் கேட்டுவிட்டு, பையன் கெட்டிக்காரன் என்று சொல்வது போலத்தான் இது.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

முதலாவது, கிணறு வாரியாகப் பிரியுங்கள். ஒரு கிணற்றை முழுதாக ஒதுக்கி வைத்து மற்றவற்றில் பயிற்சி, ஒதுக்கியதில் சோதனை. பிறகு அடுத்த கிணறு. கேன்சஸ் தரவில் உண்மைக் கிணறுகள் ஒன்பது (பொய்க் கிணறு ஒன்று ஐந்தாவது அறிகுறியில் வரும்), எனவே ஒன்பது சுற்று. சைக்கிட்-லேர்னில் 'லீவ் ஒன் குரூப் அவுட்' என்பது இதற்கென்றே இருக்கிறது. மதிப்பெண் மளமளவென்று சரியும். மனம் தளர வேண்டாம். இப்போது நீங்கள் பார்ப்பதுதான் உண்மையான மதிப்பெண், முன்பு பார்த்தது கனவு.

இரண்டாவது, அளவுகளைச் சீராக்கும் கணக்கை மொத்தத் தரவுக்கும் முதலிலேயே போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். சராசரியும் திட்டவிலக்கமும் பயிற்சிக் கிணறுகளிலிருந்து மட்டும் வர வேண்டும். விடுபட்டதை நிரப்பும் மாடலுக்கும் இதே விதி. இரண்டையும் ஒரே 'பைப்லைன்' ஆகக் கட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

மூன்றாவது, ஆழம், கிணற்றின் ஆயத்தொலைவு, படிவுத்தொகுதியின் பெயர் ஆகியவை உள்ளீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? நார்வே கடற்பகுதியின் 98 பயிற்சிக் கிணறுகளோடு 2020இல் நடந்த, இதே போலப் பாறை வகையைக் கணிக்கும் ஃபோர்ஸ் போட்டியின் தரவில் ஆயத்தொலைவுகளும் உண்டு. மர வகை மாடலுக்கு அவை கிடைத்தால் 'இந்தக் கிணற்றில், இந்த ஆழத்தில், உப்பு' என்று முகவரி எழுதி வைத்துக்கொள்ளும். பாறையைக் கற்காது. ஒரே வயலுக்குள் ஆழம் உதவக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை நீக்கி ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஃபேசிஸை மறந்துவிடுங்கள். அதே உள்ளீடுகளைக் கொடுத்து, 'இந்த வரி எந்தக் கிணற்றிலிருந்து வந்தது?' என்று ஒரு மாடலைக் கேளுங்கள். இதற்கு மட்டும் வரிகளைக் குலுக்கிப் பிரிக்கலாம். படுகை படுகையாகப் பிரித்தால் இன்னும் நல்லது. அது சுலபமாகச் சொல்லிவிட்டால் உங்கள் லாக்குகளில் பாறையின் குரலைவிடக் கிணற்றின் குரல் ஓங்கியிருக்கிறது என்று அர்த்தம். எந்த உள்ளீட்டைப் பார்த்துச் சொன்னது என்று விசாரித்தால் குற்றவாளி கிடைப்பான். அவனோடு ஏழாவது அறிகுறிக்குப் போங்கள்.

ஐந்தாவது, ஒதுக்கி வைத்த கிணற்றையே திரும்பத் திரும்பப் பார்த்து மாடலைத் திருகிக்கொண்டிருந்தால் அது ஒதுக்கிய கிணறு அல்ல. கேன்சஸ் போட்டியில் ஸ்டூவர்ட், கிராஃபோர்டு என்ற இரண்டு கிணறுகளின் விடைகளைப் போட்டியாளர் கண்ணில் காட்டவே இல்லை. நீங்களும் ஒன்றைப் பூட்டி வையுங்கள்.

அறிகுறி 5: சில ஃபேசிஸ்கள் கணிப்பில் வருவதே இல்லை

எண்ணிக்கையைப் பாருங்கள். பருமணி வண்டற்பாறை 940 வரிகள், டோலமைட் 141. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பருமணி வண்டல் என்று சொன்னாலே 23 சதவீதம் கிடைக்கும். உங்கள் மாடலின் மதிப்பெண் அதற்குப் பக்கத்தில் இருந்தால் அது உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

மதிப்பெண்ணின் வகையையும் கவனியுங்கள். ஒரு வரிக்கு ஒரு விடை என்ற கணக்கில் 'மைக்ரோ' எஃப்1 என்பது சரியான விடைகளின் விகிதம்தான். அரிய பாறைகள் முழுவதும் தவறினாலும் அது அலட்டிக்கொள்ளாது. 'மேக்ரோ' எஃப்1 ஒவ்வொரு ஃபேசிஸுக்கும் சம ஓட்டுரிமை தருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அரியவற்றுக்கு எடையைக் கூட்டுவது பெரும்பாலும் போதும். ஒரே ஃபேசிஸின் ஒத்த வரிகளைக் கலந்து செயற்கை வரிகள் உண்டாக்கும் முறைகளை லாக்கில் நான் நம்புவதில்லை; இரண்டு வரிகளுக்கு நடுவே பிறக்கும் செயற்கை வரி எந்தப் படுகையிலும் அளந்ததில்லை.

கேன்சஸ் தரவில் ஒரு விசித்திரமும் உண்டு. 'ரெக்ரூட் எஃப்9' என்பது கிணறே அல்ல. பேஃபில்ஸ்டோன் போதவில்லை என்று பொறுக்கிச் சேர்த்த 80 வரிகளுக்கு வைத்த பெயர். மொத்தமுள்ள 185 பேஃபில்ஸ்டோன் வரிகளில் 80 அங்கே இருக்கின்றன. இதைச் சோதனைக் கிணறாக ஒதுக்கினால் ஒரே விடை உள்ள பரீட்சை ஆகிவிடும். எப்போதும் பயிற்சிப் பக்கமே வையுங்கள். அதில் ஆழத்துக்கும் தொடர்ச்சிக்கும் பொருளில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த அறிகுறியில் இது கடிக்கும்.

அறிகுறி 6: கணித்த ஃபேசிஸ் அரை அடிக்கு ஒருமுறை மாறிமாறித் துடிக்கிறது

மாடல் ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்க்கிறது. கடலோ அரை அடிக்கு ஒருமுறை வந்து போகவில்லை. போட்டியின்போது மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஒரு குழு, மேல்வரி, கீழ்வரி ஆகியவற்றின் மதிப்புகளையும் ஆழத்தோடு அவை மாறும் வேகத்தையும் உள்ளீட்டில் சேர்த்தது. அவர்கள் நிலவியலாளர்கள் அல்லர், சமிக்ஞைச் செயலாக்கம் படித்தவர்கள். பிறகு பல குழுக்கள் அந்த உத்தியைக் கடன் வாங்கின.

இதைச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. அட்டவணை முழுவதையும் ஒரே மூச்சில் ஒரு வரி நகர்த்தினால், ஒரு கிணற்றின் அடிமட்டம் அடுத்த கிணற்றின் உச்சிக்கு 'மேல்வரி' ஆகிவிடும். முதலில் கிணறு வாரியாகக் குழுவாக்குங்கள், பிறகு நகர்த்துங்கள். ரெக்ரூட் எஃப்9க்கு நகர்த்தவே வேண்டாம்.

கணித்த பின் வழுவழுப்பாக்குவதும் உண்டு. அப்போது ஃபேசிஸ் எண்களைச் சராசரி எடுக்காதீர்கள். 2க்கும் 8க்கும் சராசரி 5. அதாவது வண்டற்பாறையும் பேக்ஸ்டோனும் சந்திக்கும் இடத்தில் எங்கிருந்தோ மட்ஸ்டோன் முளைக்கும். எண்கள் இங்கே பெயர்கள்தான். பெரும்பான்மை வாக்கு எடுங்கள். வாக்கெடுக்கும் ஜன்னல் ஐந்து வரி என்றால் இரண்டரை அடி; அதைவிட மெல்லிய டோலமைட் அடுக்கைக் காணாமற்போக்கிவிட்டீர்களா என்று ஒரு கண் வையுங்கள்.

அறிகுறி 7: எட்டுக் கிணற்றில் சரி, ஒன்பதாவதில் மட்டும் எல்லாம் தப்பு

மாடலைத் தொடாதீர்கள். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் எல்லாக் கிணறுகளின் பரவலையும் ஒரே படத்தில் மேலடுக்கி வரையுங்கள். எது தனியே நகர்ந்து நிற்கிறதோ அதுதான்.

அலகுதான் முதல் சந்தேகம். கேன்சஸ் தரவில் நுண்துளை அளவு சதவீதத்தில் இருக்கிறது, சராசரி 13 அளவில். உங்கள் புதிய கிணற்றில் 0.13 என்று பின்னமாக இருந்தால் மாடல் அதைத் துளையே இல்லாத பாறை என்று எண்ணும். அடர்த்தி கிராமிலா கிலோகிராமிலா, ஆழம் அடியிலா மீட்டரிலா என்றும் பாருங்கள். வரி இடைவெளி மாறினால் ஆறாவது அறிகுறியின் 'மேல்வரி' வேறு தொலைவைக் குறிக்கும். நியூட்ரான் லாக் சுண்ணாம்புப் பாறையை அடிப்படையாக வைத்து அளந்ததா, மணற்பாறையையா என்பதையும் கேளுங்கள்; அது மாறினால் நியூட்ரான்–அடர்த்தி வேறுபாடு முழுதாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மின்தடை எண்ணில் நானே ஒருமுறை ஒரு நாளை வீணாக்கினேன். நெடுவரிசை ஏற்கெனவே மடக்கையில் இருந்தது. நல்ல பிள்ளையாக நான் மீண்டும் மடக்கை எடுத்தேன். பெரும்பாலான வரிகள் எதிர்ப்புக் காட்டவில்லை. மின்தடை ஒரு ஓம்-மீட்டருக்குக் கீழே இருந்த சில வரிகளின் மடக்கை எதிர்மறை; அவற்றுக்கு இரண்டாம் மடக்கை இல்லை, வெற்றாகிவிட்டன. நானோ அவற்றை 'விடுபட்ட மதிப்பு' என்று நினைத்து அழகாக நிரப்பிவிட்டேன்.

காமா கதிர் கிணற்றுக்குக் கிணறு சற்றே நகர்வது இயல்பு. கீழ் ஐந்து சதவீதத்தையும் மேல் ஐந்து சதவீதத்தையும் பொருத்திச் சமன்செய்வது வழக்கம். ஆனால் ஒரு கிணற்றில் களிப்பாறையே குறைவு என்றால், இந்தச் சமன்செய்தல் சுண்ணாம்புப் பாறையை இழுத்துக் களிப்பாறை ஆக்கிவிடும். எல்லாக் கிணற்றிலும் தொடர்ந்து வரும் ஒரு படுகையைத் தேர்ந்து அதை வைத்துப் பொருத்துவது மேல்.

இதே நோய் நிலநடுக்கவியலிலும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் உருவான 'ஃபேஸ்நெட்', முதன்மை அலையும் இரண்டாம் அலையும் வந்து சேரும் நேரத்தைக் குறிக்கும் அருமையான கருவி. வடக்குக் கலிஃபோர்னியாவின் பதிவுகளில், நொடிக்கு 100 மாதிரி என்ற கணக்கில் பயின்றது. உங்கள் நிலையம் நொடிக்கு 50 தருகிறது என்றால், நேரடியாக ஊட்டும்போது அலை இருமடங்கு வேகமாக ஆடுவதாக அதற்குத் தோன்றும்; பல நடுக்கங்களை விட்டுவிடும். மாதிரி வீதத்தை மாற்றிவிட்டு ஊட்டுங்கள், அல்லது இந்த மாற்றத்தைத் தானே செய்யும் 'சைஸ்பெஞ்ச்' வழியாக ஓட்டுங்கள். நிலையம் தரும் மூன்று திசைப் பதிவுகளின் வரிசை மாறிப்போவதும் இதே பட்டியலில் வரும்.

அறிகுறி 8: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு மதிப்பெண்

தற்போக்கு எண்களின் விதையை, அதாவது அவை தொடங்கும் எண்ணை, நிலைநிறுத்தினால் எண் மாறாது. ஆனால் நல்ல விதையைத் தேடித் திரிவது சோதிடம். போட்டியின் இறுதி மதிப்பீட்டில் ஒவ்வொரு மாடலையும் வேறு வேறு விதைகளோடு நூறு முறை ஓட்டி, அவற்றின் நடுமதிப்பை எடுத்தார்கள். உங்களுக்கு இருபது முறை போதும். இரண்டு மாடல்களின் வேறுபாடு இந்த ஆட்டத்தைவிடச் சிறியதென்றால், எளியதை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 9: எல்லாம் சரி செய்தாயிற்று, 0.6ஐத் தாண்ட மறுக்கிறது

கேன்சஸ் போட்டியில் முதலிடம் பெற்றதே மைக்ரோ எஃப்1 கணக்கில் 0.64ஐ ஒட்டித்தான். உங்களுக்கு 0.6 வந்திருந்தால் நீங்கள் நல்ல ஊரில்தான் இருக்கிறீர்கள். 0.9 வந்திருந்தால் நான்காவது அறிகுறிக்குத் திரும்புங்கள்.

இதற்கு மேல் தடையாக நிற்பது பெரும்பாலும் விடைத்தாள். ஃபேசிஸைக் குறித்தவர் கோர் பாறையை, அதாவது கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறையை, கண்ணால் பார்த்துக் குறித்த மனிதர். 1962இல் டன்ஹாம் வகுத்த முறைப்படி, சேற்றுக்குள் மணிகள் மிதந்தால் வேக்ஸ்டோன், மணிகள் ஒன்றையொன்று தாங்கி நின்றால் பேக்ஸ்டோன். அந்த எல்லையில் இரண்டு அனுபவசாலிகள் ஒரே துண்டைப் பார்த்து இரண்டு பெயர் சொல்வார்கள். அதனால்தான் கேன்சஸ் பாடத்தில் எந்த ஃபேசிஸுக்கு எது அண்டை என்று ஒரு பட்டியலே தரப்பட்டது. அண்டையைச் சொன்னாலும் ஏற்கும் தனி மதிப்பெண் அதிலிருந்து வருகிறது. ஃபோர்ஸ் போட்டி இன்னும் ஒரு படி போய், எந்தப் பிழைக்கு எவ்வளவு தண்டனை என்று நிலவியலாளர்களைக் கொண்டு ஓர் அட்டவணை தயாரித்தது.

எனவே எந்தப் பாறையை எதுவென்று கணித்தது என எண்ணிக் காட்டும் குழப்ப அணியை வரைந்து, பிழைகளை இரண்டாகப் பிரியுங்கள். வேக்ஸ்டோனைப் பேக்ஸ்டோன் என்றால் விட்டுவிடலாம். நிலத்து மணற்பாறையைக் கடல் பேக்ஸ்டோன் என்றால் விடக்கூடாது. கடலா நிலமா என்ற தகவலே உள்ளீட்டில் இருக்கும்போது அது ஏன் நடந்தது என்று தேடுங்கள்.

கோரின் ஆழமும் லாக்கின் ஆழமும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். துளையிடுவோர் குழாயை எண்ணி ஆழம் சொல்கிறார்கள், லாக் எடுப்போர் கம்பியை அளந்து சொல்கிறார்கள். இரண்டடி பிசகினால் நான்கு வரிகள். ஒவ்வொரு படுகையின் விளிம்பிலும் நான்கு தவறான விடைகள். பிழைகள் படுகையின் நடுவில் இல்லாமல் விளிம்புகளில், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் சந்தேகம் உறுதி. விடைகளை ஒவ்வொரு வரியாக மேலும் கீழும் நகர்த்தி எங்கே மதிப்பெண் உச்சம் பெறுகிறது என்று பாருங்கள். கோரின் மீதே எடுத்த காமா அளவு கிடைத்தால் அதோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். மதிப்பெண் கூடியது என்பதற்காக மட்டும் நகர்த்திவிடாதீர்கள்.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்கு, மாடல் உறுதியாக ஒன்றைச் சொல்லி, குறிப்பு வேறொன்றைச் சொல்லும் ஆழங்களைப் பட்டியலிட்டு எடுத்துக்கொண்டு கோர் பெட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கை உருப்பெருக்கியும் நீர்த்த அமிலமும் மறக்க வேண்டாம்: சுண்ணாம்புப் பாறை உடனே நுரைக்கும், டோலமைட் பொடித்தால்தான் நுரைக்கும். குறித்தவரையும் உடன் அழைத்துப் போனால் நல்லது. ஆனால் மாடல் என்ன சொன்னது என்பதை அவர் துண்டைப் பார்த்து முடிக்கும்வரை சொல்லாதீர்கள்.